கை கழுவாதவன்

குத்தாயிசியில் மழைக்கு மாதக் கணக்கு கிடையாது.
ரியோனி ஆற்றுப் பாலம் தாண்டி மூன்றாவது கதவு
நெஸ்தானின் ரொட்டிக் கடை.
தரையில் பதித்த களிமண் அடுப்பு,
அதன் உட்சுவரில் ஒட்டி வேகும்
ஓடம் போல் நீண்ட ரொட்டிகள்.

அவன் வந்தது பதினொரு மணிக்கு,
கூட்டம் கரைந்து
கல்லா நிறைந்திருக்கும் நேரம்.
கழுத்தில் அடையாள அட்டை.
அவன் எப்படித் திரும்பினாலும்
முதுகைக் காட்டியே தொங்கியது அது.
"உணவுத் துறை" என்றான்.

மாவுத் தொட்டியைத் திறந்து
தெருவிலிருந்து வந்த கையை அப்படியே உள்ளே விட்டான்.
பிறகு குனிந்தான். நிமிர்ந்தபோது
விரலிடுக்கில் ஒரு கரப்பான்.
இடப்பக்கம் ஒரு கால் இல்லை.

மூவாயிரம் அபராதம், கதவுக்கு முத்திரை,
செய்தித்தாளில் பெயர்.
அல்லது முந்நூறு, இப்போதே, ரொக்கமாய்.
"உங்களைப் பார்த்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது."
ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்க்கு
வெண்ணெய்க்கட்டி ரொட்டி இரண்டையும்
தாளில் சுற்றிக் கொடுத்தாள்.
முந்நூறு லாரி.
லாரி என்பது அந்த ஊரில் பணத்தின் பெயர்.
அன்றைக்கு அது
அவள் மேல் ஏறிப் போனதென்னவோ உண்மை.

இரவெல்லாம் தரையைத் தேய்த்தாள்.
வெந்நீர், சோடா, மறுபடி வெந்நீர்.
யாரிடம் சொல்வது?
கரப்பான் பிடிபட்ட கடை என்று
தன் வாயால் எந்தக் கடைக்காரி சொல்வாள்?
அந்த வாயடைப்புதான்
அவன் தொழிலுக்குப் போட்ட முதல்.

எட்டு நாள் கழித்து
கொழுக்கட்டைக் கடை வாழா
மூன்றாவது கோப்பை ஒயினில் அவிழ்ந்தார்.
"என் கடையிலும் ஒன்று பிடித்தான். கால் ஒன்று குறைவு."
"இடப்பக்கமா?"
"இடப்பக்கம்."
கோப்பை மேசைக்கு வர வெகுநேரம் பிடித்தது.
மீன் பொரிக்கும் லமாரா
அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
மூன்று கடை, தொள்ளாயிரம் லாரி,
ஐந்தே காலில் ஓடி ஓடி உழைத்த
ஒரே ஓர் ஊழியன்.
நெஸ்தான் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை,
வந்த பிறகும்.

"கை கழுவினானா அவன்?" என்று கேட்டாள் லமாரா.
யோசித்தார்கள்.
மாவில் விட்ட கை, கொத்துக்கறியில் விட்ட கை,
மீன் கூடையில் விட்ட கை.
கையூட்டு வாங்கிய கை.
கையெழுத்துப் போடாத கை.
எந்தக் கடையிலும் தண்ணீரைத் தொடவில்லை.

மறுநாள் அடுப்பருகே கரித்துண்டால்
அலுவலகத்தின் எண்ணை எழுதி வைத்தாள்.
அவன் வரவேயில்லை.
வேறு ஊரில், வேறு பெயரில்,
தீப்பெட்டிக்குள் அதே கரப்பானோடு இருப்பான்.

மார்ச் மாதம் ஒரு பெண் வந்தாள், தெக்லே என்று.
நெஸ்தான் பாதிக் கதவைச் சாத்தினாள்.
அட்டையைக் கேட்டாள், வாங்கினாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
அலுவலகத்தை அழைத்தாள். இணைப்பு கிடைக்கவில்லை.
மறுபடி அழைத்தாள்.
பதினான்கு நிமிடம் அந்தப் பெண் மழையில் நின்றாள்,
குடை இல்லாமல்,
ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல்.
"ஆமாம், எங்கள் ஆள்தான்" என்றது தொலைபேசி.

உள்ளே வந்தவள்
முதலில் குழாயைத் தேடினாள்.
முழங்கை வரை சோப்பு.
அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான்
நெஸ்தானின் தோள் இறங்கியது.

இரக்கமெல்லாம் காட்டவில்லை.
வெண்ணெய்க்கட்டிப் பெட்டியில் ஏழு டிகிரி,
நான்கு இருக்க வேண்டும் என்று எழுதினாள்.
ஜன்னல் வலையில் கிழிசல் என்று எழுதினாள்.
பத்து நாள் கெடு, கீழே கையெழுத்து, நகல் ஒன்று.

போகும்போது ஒரு ரொட்டி கேட்டாள்.
சும்மா எடுத்துக்கொள் என்றதற்குத் தலையாட்டி மறுத்து
சில்லறையை எண்ணிப் பலகையில் வைத்தாள்.
பிறகும் நின்றாள்.

"என்ன?"

"ரசீது."

நெஸ்தான் இழுப்பறையைத் திறந்தாள்.
கயிறு, மெழுகுவர்த்தி, பழைய சாவி.
ரசீதுப் புத்தகத்தை எங்கே வைத்தோமென்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.